நெற்றியில் காட்டும் கருவிக்கு வைரஸ் தெரியுமா?

கேரளத்தில் நிபா என்று செய்தி வந்தாலே புளியரை செக்போஸ்ட்டில் வண்டிகளை நிறுத்தி நெற்றியில் ஒரு கருவியைக் காட்டுவார்கள். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு வேலைக்குப் போய்வரும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அதில் வைரஸ் தெரியுமா சார்?"

தெரியாது. தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வைத்து அது வெப்பத்தைச் சொல்லும், அவ்வளவுதான். நிபா உள்ளே நுழைந்து காய்ச்சல் தலைகாட்டப் பொதுவாக 4 முதல் 14 நாள் ஆகும். ரத்தத்தில் இருப்பதையே ஒளியால் பிடிக்க வேண்டுமென்றால் தங்கம் வேண்டும். பயப்படாதீர்கள், பவுன் கணக்கில் இல்லை.

20 நானோமீட்டர் தங்கத் துகள்கள் நீரில் மிதந்தால் நீர் சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1850களில் செய்த அந்தச் சிவப்புக் கரைசல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் இருக்கிறது. மருந்துக் கடைக் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் விழும் கோட்டுக்கும் பெரும்பாலும் இதே துகள்தான் நிறம் தருகிறது.

ஏன் சிவப்பு? ஒளி அலை பட்டதும் துகளின் எலக்ட்ரான் கூட்டம் மொத்தமாக ஒரு பக்கம் ஒதுங்கும். அலை திரும்பினால் மறுபக்கம். இந்த ஆட்டம் ஒளியோடு சரியாக ஒத்துப்போவது சுமார் 520 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது பச்சையில். பச்சையை விழுங்கிவிட்டால் மிச்சம் சிவப்புதானே! இதற்குப் பெயர் பிளாஸ்மான் ஒத்ததிர்வு.

மிருதங்கத்தின் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்பினால் சுருதி இறங்கும். துகள்மேல் புரதம் ஒட்டினாலும் ஆட்டம் அப்படித்தான் தளரும். அங்கே காரணம் எடை, இங்கே மின்விசை. ஒதுங்கிய எலக்ட்ரான்களைத் திரும்ப இழுக்கும் விசையை, நீர் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்த புரதம் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. விழுங்கப்படும் நிறம் சில நானோமீட்டர் சிவப்புப் பக்கம் நகரும். கண்ணுக்குப் பிடிபடாது, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானிக்குத் தப்பாது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, துகளுக்குத் தூரப்பார்வை கிடையாது என்பதுதான். அதன் மின்புலம் சில பத்து நானோமீட்டருக்குள் அடங்கிவிடும். சுற்றி எத்தனை கோடி மூலக்கூறு மிதந்தாலும், மேலே வந்து ஒட்டியதைத்தான் அது உணரும். எது ஒட்டலாம் என்பது நம் கையில். டெங்குவின் என்எஸ்1 புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் பதித்து வைத்தால், காய்ச்சலின் முதல் நாட்களிலேயே ரத்தத்தில் திரியும் அந்தப் புரதம் வந்து மாட்டும். நிபாவுக்கு நிபா ஆன்டிபாடி.

சரி, சிக்கல்? ரத்தத்தில் நிறைய இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் கண்ட இடத்தில் அப்பிக்கொள்ளும். ஹீமோகுளோபின் 540 நானோமீட்டரை ஒட்டியே ஒளியை விழுங்கிக் குழப்பும். அதனால் ரத்த அணுக்களைப் பிரித்து பிளாஸ்மாவை மட்டும் எடுப்பார்கள். துகளில் காலியாக உள்ள இடத்தையும் பூசி அடைத்துவிடுவார்கள்.

2018-ல் கோழிக்கோட்டு மாதிரிகள் மணிப்பாலுக்கும் புனேவுக்கும் போய்த்தான் நிபா உறுதியானது. மறு ஆண்டு திருவனந்தபுரம் தோன்னக்கலில் வைராலஜி நிறுவனம் வந்தது, நல்ல காரியம். ஆனால் புதுக் கருவியை ஆய்வகத்தில் செய்து காட்டக் கிடைக்கும் பணம், அதையே செக்போஸ்ட் வெயிலிலும் மழையிலும் பிசகாமல் ஓடவைக்கும் அலுப்பான வேலைக்குக் கிடைப்பதில்லை என்பது என் கருத்து. அதற்கும் பணம் வரும்வரை புளியரையில் நெற்றியைத்தான் காட்ட வேண்டும்.