ஷிபோலெத்: நாக்கைப் பார்த்து ஆளைப் பிரிக்கும் சொல்

அக்கா மகள் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஆய்விதழ்களைப் படிக்க அவள் உள்நுழையும் மென்பொருளின் பெயர் ஷிபோலெத். "பிஸ்கட் பேர் மாதிரி இருக்கே, என்ன மாமா அது?" என்று கேட்டாள். பிஸ்கட் இல்லை, கொஞ்சம் ரத்தம் தோய்ந்த பெயர்.

எபிரேய மொழியில் ஷிபோலெத் என்றால் தானியக் கதிர். நீரோட்டம் என்றும் ஒரு பொருள் உண்டு. ஆனால் இந்தச் சொல் பேர் வாங்கியது பொருளால் அல்ல, ஒலியால். பைபிளில் நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தில் கதை வருகிறது. இஸ்ரவேலின் ஒரு குலத்தாரான எப்பிராயீமியரை முறியடித்த கீலேயாத்தியர் யோர்தான் ஆற்றுத் துறைகளை மறித்து நிற்கிறார்கள். ஆற்றைக் கடக்க வருகிறவனிடம், "ஷிபோலெத் சொல்லு" என்கிறார்கள். எப்பிராயீமியன் நாக்கில் ஷ வராது. "சிபோலெத்" என்றால் அங்கேயே வெட்டு. மொத்தம் 42,000 பேர் என்கிறது பைபிள். (கிரந்த ஷ இல்லாவிட்டால் இந்தக் கதையைத் தமிழில் எழுதுவதே கஷ்டம். அந்தத் துறையில் நாம் நின்றிருந்தால் பாதிப் பேர் அக்கரை சேர்ந்திருக்க மாட்டோம்.)

கதையோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. 1937 அக்டோபரில் டொமினிக்கன் குடியரசில், சர்வாதிகாரி ட்ருஹியோவின் உத்தரவில் ஹைட்டி வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பெயரே பார்ஸ்லி படுகொலை. கொத்தமல்லி மாதிரியான அந்தத் தழையைக் காட்டி "இது என்ன?" என்று சிப்பாய்கள் கேட்பார்களாம். ஸ்பானிய மொழியில் 'பெரெஹில்'. ஹைட்டியின் கிரியோல் மொழி பேசிப் பழகியவருக்கு அந்த ர சரியாக உருளாது. ஆனால் எல்லையோர ஊர்களில் பிறந்து வளர்ந்து, ஸ்பானியத்தைத் திருத்தமாகப் பேசியவர்களும் தப்பவில்லை.

நமக்குப் பக்கத்தில் 1983 ஜூலை, கொழும்பு. வழி மறித்த கும்பல்கள் 'பால்திய' என்று சொல்லச் சொன்னதை உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சிங்களத்தில் வாளிக்கு அதுதான் பெயர். முதல் ஒலி 'பஸ்' என்பதில் நாம் சொல்லும் ப. தமிழில் வல்லொலிக்கும் (p) மெல்லொலிக்கும் (b) ஒரே எழுத்து. தனித்தமிழ்ச் சொல் எதுவும் அந்த மெல்லிய ஒலியில் தொடங்குவதும் இல்லை. நம் மொழியின் அழகான ஓர் இலக்கண இயல்பை, கத்தியோடு நின்றவன் எந்த இலக்கணமும் படிக்காமல் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

அப்படியானால் மொழி வேறுபாடுதான் கொலைக்குக் காரணமா? ருவாண்டாவைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. ஹூட்டுவும் டுட்ஸியும் பேசியது ஒரே கின்யருவாண்டா. நாக்கை வைத்துப் பிரிக்க வழியே இல்லை. 1930களில் பெல்ஜிய ஆட்சி கொடுத்த அடையாள அட்டையில் இனப்பெயர் இருந்தது. 1994இல் டுட்ஸிகளைக் கொன்று குவித்தபோது சாலைத் தடைகளில் கேட்டது அந்த இனப்பெயர் போட்ட அட்டையைத்தான். கொல்வது என்று முதலில் முடிவாகிறது. பிரிக்க நாக்கு இருந்தால் நாக்கு, இல்லாவிட்டால் அட்டை.

பெங்களூர்த் தமிழருக்கு இதன் சின்ன வடிவம் தெரியும். இனப்படுகொலை என்ற சொல்லின் எடை வேறு, அதை இங்கே கொண்டுவர மாட்டேன். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவையொட்டிக் கலவரம் வெடித்தபோது நாங்கள் ஸ்ரீராம்புரத்தில் குடியிருந்தோம். "பஸ்ஸில் வாயைத் திறக்காதே" என்பதுதான் அம்மா சொன்ன ஒரே புத்திமதி. எனக்குக் கன்னடம் தண்ணி பட்ட பாடு. அப்படியும் பயம். 2016 செப்டம்பரில் வண்டிகளின் தமிழ்நாட்டு எண் பலகையே போதுமானதாக இருந்தது.

சரி, ஷிபோலெத்தைத் தமிழில் என்ன சொல்வது? 'கடவுச்சொல்' என்றால் தப்பு. கடவுச்சொல் ரகசியம், தெரிந்தவன் நுழையலாம். ஷிபோலெத் எல்லோருக்கும் தெரிந்த சொல், சொல்ல வராதவன் மாட்டிக்கொள்வான். 'அடையாளச்சொல்' பரவாயில்லை, ஆனால் சப்பென்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் 'திரிசொல்'லைப் பார்த்து 'பிரிசொல்' என்று வைக்கலாம் என்பது என் கட்சி. பிரித்த, பிரிக்கின்ற, பிரிக்கும் என்று முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை.

ஆங்கிலத்தில் ஷிபோலெத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஒரு கூட்டத்தார் யோசிக்காமல் திருப்பித் திருப்பிச் சொல்லும் பழைய கோட்பாடு. அந்த இடத்தில் பிரிசொல் ஒட்டாது. 'தேய்ந்த கோஷம்' என்று எழுதிவிட்டுப் போகலாம்.