மணல் தீர்ந்தால் குண்டு விழும்

1944 நவம்பர் முதல் 1945 ஏப்ரல் வரை ஜப்பான் ராணுவம் ஏறத்தாழ 9,300 காகித பலூன்களைப் பசிபிக் கடலுக்கு மேலே பறக்கவிட்டது. ஒவ்வொன்றின் அடியிலும் தீக்குண்டுகளும் ஒரு வெடிகுண்டும் தொங்கின. அமெரிக்காவின் மேற்குக் காடுகளைக் கொளுத்துவதுதான் நோக்கம். விமானி கிடையாது, என்ஜின் கிடையாது. இழுத்துச் சென்றது காற்று மட்டுமே.

அந்தக் காற்றை 1920களிலேயே அளந்தவர் வசாபுரோ ஓயிஷி என்ற வானிலை அறிஞர். ஜப்பானுக்கு மேலே, மிக உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓர் அசுரக் காற்று ஓடுவதைக் கண்டார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று அதை எஸ்பெராண்டோவில், அதாவது எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய செயற்கை மொழியில், எழுதினார். அதனாலேயே உலகம் அதைப் படிக்கவில்லை!

பலூனின் விட்டம் சுமார் 10 மீட்டர். காகிதமுசுக்கட்டை மரப்பட்டையில் செய்த காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, உள்ளே ஹைட்ரஜன் நிரப்பினார்கள். ஒட்டிய பசை கொன்யாகு கிழங்கு மாவு. நம் சேனைக்கிழங்குக்கு நெருங்கிய உறவு. ஒட்டும் வேலையில் பெரும்பகுதி பள்ளிச் சிறுமிகளின் தலையில் விழுந்தது. போர்க்காலப் பசியில் அந்தப் பசையையே எடுத்துத் தின்றவர்களும் உண்டு.

காற்று கிடைத்தது, அதற்குள்ளேயே நாள்கணக்கில் நிற்பது எப்படி? பகல் வெயிலில் ஹைட்ரஜன் விரியும். விட்டால் காகிதம் கிழியும். அதற்காகப் பலூனின் அடியில் ஒரு வால்வு வைத்தார்கள், மிஞ்சிய வாயு வெளியேறிவிடும். இரவில் குளிர்ந்து வாயு சுருங்கும், பலூன் இறங்கும். குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே வந்ததும் காற்றழுத்தமானி மின்சுற்றை இணைக்க, சிறு வெடிமருந்து மணல் மூட்டைகளைக் கழற்றிவிடும். பாரம் குறைந்து பலூன் மறுபடி ஏறும். மொத்தம் 32 மூட்டைகள்.

இதில் என்னை வியக்கவைப்பது ஒன்றுதான். அமெரிக்கா வந்துவிட்டதா என்று பார்க்க அதில் எந்தக் கருவியும் இல்லை. உதிரவேண்டிய பாரங்களின் வரிசையில் குண்டுகளைக் கடைசியாக வைத்திருந்தார்கள், அவ்வளவே. மணல் தீரும்போது கடலும் தீர்ந்திருக்கும் என்பது கணக்கு. மணலே கடிகாரம்.

அதே மணல் காட்டியும் கொடுத்தது. கைப்பற்றிய மூட்டைகளை அமெரிக்க நிலவியல் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நுண்ணுயிர்களின் ஓடுகள், கனிமத் துகள்கள். பவளத் துணுக்கு மட்டும் இல்லை. ஆகவே பவளம் வளராத குளிர்ந்த வடக்குக் கரை. இப்படி வடிகட்டி, ஜப்பானின் கிழக்குக் கடற்கரையில் சில இடங்களுக்குத் தேடலைச் சுருக்கினார்கள்.

ஆனால் காடு எரியவில்லை. அந்தக் காற்று வேகமெடுப்பது குளிர்காலத்தில். அப்போது அமெரிக்க மேற்குக் காடுகள் பனியிலும் மழையிலும் ஊறிக் கிடக்கும். கடலைக் கடக்க உதவிய பருவமே தீயை அணைத்தும் வைத்தது. 300 பலூன்கள் வரை கண்டெடுக்கப்பட்டன. அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் பத்திரிகைகளை வாய்திறக்காமல் இருக்கச் சொன்னதால், போனவை என்னவாயின என்று ஜப்பானுக்கும் சரியாகத் தெரியவில்லை.

அந்த மௌனத்தால் அமெரிக்க மக்களுக்கும் பலூனைப் பற்றித் தெரியாமல் போயிற்று. 1945 மே 5 அன்று ஒரெகன் மாநிலத்தின் பிளை ஊருக்கு அருகே உல்லாசப் பயணம் வந்த ஒரு கர்ப்பிணியும் ஐந்து பிள்ளைகளும் காட்டில் கிடந்த பலூனைப் பார்த்து அருகே போனார்கள். ஆறு பேரும் இறந்தார்கள். கொன்றது தீக்குண்டு அல்ல, கூடவே வந்த வெடிகுண்டு. ஜப்பான் பலூன் விடுவதை நிறுத்தி அப்போது சில வாரங்கள் ஆகியிருந்தன.