ஒரே கார், மூன்று எஞ்சின்கள்: மைலேஜ் கணக்குக்குள் இருக்கும் இயற்பியல்

ஹோண்டா சிட்டியின் ஐந்தாம் தலைமுறை 2020 ஜூலையில் பெட்ரோல், டீசல் எஞ்சின்களுடன் இந்தியச் சந்தைக்கு வந்தது. 2022 மே மாதத்தில், பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் வகையும் சேர்ந்துகொண்டது. மறு ஆண்டின் தொடக்கத்தில் டீசல் விடைபெற்றது. இடைப்பட்ட சில மாதங்களில் ஒரே உடலமைப்பு கொண்ட செடானை மூன்று விதமாகவும் வாங்க முடிந்தது என்பதால், மூன்றையும் ஒப்பிட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. அமைப்பு அப்போது சான்றளித்த மைலேஜ், கியர் மாற்றி ஓட்டும் பெட்ரோல் காருக்கு லிட்டருக்கு 17.8 கி.மீ., டீசலுக்கு 24.1 கி.மீ., ஹைப்ரிட்டுக்கு 26.5 கி.மீ.

இவ்வளவு வேறுபாட்டுக்கு மூல காரணம் பெட்ரோல் எஞ்சினின் ஒரு பிறவிக் குறை. சமதளச் சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சீராகச் செல்லும் செடானுக்குப் பத்துக் குதிரைத்திறன்கூடத் தேவைப்படுவதில்லை. எஞ்சினோ 121 குதிரைத்திறன் தரவல்லது. பெட்ரோலும் காற்றும் ஏறத்தாழ 1-க்கு 14.7 என்ற எடை விகிதத்தில் கலந்தாக வேண்டும் என்பதால், சக்தியைக் குறைக்க எரிபொருளோடு காற்றையும் குறைத்தாக வேண்டும். அதற்காக, காற்று நுழையும் பாதையிலுள்ள த்ராட்டில் வால்வு பெரும்பகுதி மூடிக்கொள்கிறது. அந்தச் சிறு இடுக்கு வழியே காற்றை உறிஞ்சுவதற்காகவே பிஸ்டன்கள் தம் உழைப்பில் ஒரு பங்கைச் செலவிடுகின்றன. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது மைலேஜ் படுத்துவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சிக்னலில் நின்றபடி எரிப்பது இன்னொன்று.

டீசல் எஞ்சினுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது காற்றை மட்டும் உள்ளே இழுத்து, ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளுமாறு எரிபொருளைப் பீய்ச்சுகிறது. சக்தி குறைவாகப் போதுமென்றால் பீய்ச்சும் அளவைக் குறைத்தால் போதும். காற்றை அடைக்க வேண்டியதில்லை. அழுத்தம் அதிகம் என்பதால் வெப்பத்திலிருந்து பெறும் வேலையும் அதிகம். ஆனால் டீசலின் மைலேஜைப் புகழ்வோர் பெரும்பாலும் மறந்துவிடும் ஒரு செய்தி உண்டு: ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து விழுக்காட்டுக்கும் மேல் கூடுதல் ஆற்றல் இருக்கிறது, எரியும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடும் 2.31 கிலோவுக்குப் பதில் 2.68 கிலோ. மேற்சொன்ன மைலேஜை இதனோடு சேர்த்துக் கணக்கிட்டால், கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கார் 130 கிராம், டீசல் 111 கிராம், ஹைப்ரிட் 87 கிராம் வெளியிடுகின்றன.

டீசலை வீழ்த்தியது கார்பன் கணக்கு அன்று, புகைதான். காற்று மிகுதியாக உள்ள சூழலில் எரிவதால் அதன் புகையில் ஆக்சிஜன் எஞ்சியிருக்கும். அந்நிலையில் பெட்ரோல் கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் எளிய வினையூக்கியால் நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைக்க முடியாது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 எனும் இந்திய வாகனப் புகை விதிகள், டீசல் கார்களுக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைக் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகக் குறைத்தன. 2023 ஏப்ரலிலிருந்து ஆய்வகத்தில் மட்டுமன்றிச் சாலையில் ஓடும்போதும் புகை அளக்கப்படுகிறது. தனி வினையூக்கி, புகைக்கரி வடிகட்டி என்று பாகங்கள் கூடக்கூட விலையும் கூடியது. நடுத்தர விலைச் செடான்களில் அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை.

ஹைப்ரிட் வேறொரு வழியில் செல்கிறது. பெட்ரோல் எஞ்சின் சிரமப்படும் வேளைகளில் அதை வேலை வாங்காமலே விடுவதுதான் அதன் உத்தி. சிட்டி ஹைப்ரிட்டில் வழக்கமான கியர்பாக்ஸே இல்லை. நகருக்குள் சக்கரங்களைச் சுழற்றுவது மின்மோட்டார். எஞ்சின் தனக்கு ஏற்ற நிலையில் இயங்கி ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது, அல்லது அணைந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகம் வந்ததும் ஒரு கிளட்ச் எஞ்சினை நேரடியாகச் சக்கரங்களோடு இணைக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வெப்பமாக வீணாக வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி மின்கலத்துக்குத் திரும்புகிறது. மின்கலமோ ஒரு கிலோவாட் மணிக்கும் குறைவான கொள்ளளவு உடையது. கொடைக்கானல் மலைப்பாதையில் இறங்கும்போது அது விரைவில் நிரம்பிவிடும், அதன்பின் மிஞ்சும் மின்சாரத்தைச் செலவழிக்க ஜெனரேட்டரே எரிபொருளின்றி எஞ்சினைச் சுழற்றுகிறது. கார் இறங்கிக்கொண்டிருக்க எஞ்சின் மட்டும் இரைவதைக் கேட்டுப் பழுதோ என்று பதற வேண்டியதில்லை.

இனி பணக் கணக்கு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், பெட்ரோல் காருக்கும் ஹைப்ரிட்டுக்கும் விலை வேறுபாடு நான்கு லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். சான்றளித்த மைலேஜ்படி, 18.4 கி.மீ. தரும் ஆட்டோமேட்டிக் பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் ஹைப்ரிட் கிலோமீட்டருக்கு 1.66 ரூபாய் மிச்சப்படுத்தும். போட்ட பணம் திரும்ப ஏறத்தாழ 2.4 லட்சம் கி.மீ. ஓட்ட வேண்டும். நெரிசலில் பெட்ரோல் கார் 11 கி.மீ.யும் ஹைப்ரிட் 20 கி.மீ.யும் தருவதாக வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் கி.மீ.யிலேயே கணக்கு நேராகிவிடும். ஆண்டுக்கு எட்டாயிரம் கி.மீ. மட்டும் ஓட்டும் குடும்பத்துக்கு, என் கருத்தில், பெட்ரோலே போதும். சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் நெரிசலில் நாள்தோறும் அலுவலகம் போய்வருபவருக்கு ஹைப்ரிட் பொருந்தும். ஆனால் மின்கலம் டிக்கியில் கணிசமான இடத்தை எடுத்துக்கொள்வதால், குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது பெட்டிகளை யோசித்துத்தான் அடுக்க வேண்டும்.

நெடுஞ்சாலைக்கு இத்தகைய டீசல் செடான்தான் வேண்டும் என்பவர்கள் பழைய காரைத்தான் தேட வேண்டியிருக்கும். அப்போது ஓடிய தூரத்தைவிட ஓடிய விதத்தை விசாரிப்பது நல்லது. வடிகட்டியில் சேரும் கரி எரிந்து தீர ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். சிறிது நேரமாவது நிற்காமல் ஓடினால்தான் அந்த வெப்பம் கிட்டும். கடைக்கும் பள்ளிக்கும் மட்டுமே போய்வந்த டீசல் காரின் மீட்டர் முப்பதாயிரம் காட்டினாலும், வடிகட்டி அடைத்துக்கொண்டிருக்கக்கூடும். எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்திருக்கவும் கூடும்.