ஜிஎஸ்எம் மட்டும் பார்த்துக் காகிதம் வாங்குகிறீர்களா?

காகித மில்லின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வாங்க வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டுதான்: ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) எவ்வளவு, வெண்மை எவ்வளவு. சாம்பல், அதாவது தாளை எரித்தால் மிஞ்சுவது, எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு. அதையும் அவசியம் கேட்க வேண்டும்.

அச்சுக் காகிதம் வெறும் மரக்கூழ் அல்ல. பல வகைகளில் எடையில் 15 முதல் 30 சதவீதம் வரை கனிமத் தூள்தான்: கால்சியம் கார்பனேட், சீனக் களிமண், டால்க். மில்லில் ஃபில்லர் என்போம். இது கலப்படம் இல்லை. நார்களுக்கு இடையே உள்ள பள்ளங்களை நிரப்பித் தாளை வழுவழுப்பாக்குகிறது. ஒளியைச் சிதறடிப்பதால், பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிவதும் குறைகிறது. கூழைவிட விலையும் மலிவு.

அந்த மலிவில்தான் ஆபத்து. நாரும் நாரும் பின்னிப் பிடித்துக்கொள்வதுதான் காகிதத்தின் பலம். நடுவே தூள் புகுந்தால் பிடி தளரும். அளவு மீறினால் மடித்த இடத்தில் சீக்கிரம் கிழியும், அச்சு இயந்திரத்தில் வெள்ளைத் தூள் படியும். கனிமம் நாரைவிட அடர்த்தி கூடியது. அதனால் அதே 70 ஜிஎஸ்எம் தாள் இன்னும் மெலிந்து, கையில் பிடித்தால் துவளும். தராசில் இது தெரியாது.

எரித்துப் பார்த்தால் தெரியும். ஈரமில்லாமல் உலர்த்தி எடை போட்ட துண்டுகளை மூசையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) வைத்து 525 டிகிரி செல்சியஸில் எரிப்போம். நார் எல்லாம் போய்விடும். மிஞ்சிய சாம்பலை நிறுத்தால் கனிமம் ஏறக்குறைய எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால், கால்சியம் கார்பனேட் இருந்தால் நுரைத்துப் பொங்கும். களிமண்ணும் டால்க்கும் அசையாது. இன்னொன்று: 900 டிகிரியில் எரித்தால் கால்சியம் கார்பனேட் சிதைந்து, தன் எடையில் 44 சதவீதத்தைக் கார்பன் டை ஆக்சைடாக இழந்துவிடும். ஒரே காகிதத்துக்கு இரண்டு எண் வரும். எனவே அறிக்கையில் சாம்பல் சதவீதத்தோடு வெப்பநிலையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, ஃபில்லரே இல்லாத காகிதம் தேடலாமா? பல்லாண்டு காக்க வேண்டிய பதிவேடுகளுக்கு அது சரிப்படாது. படிகாரமும் ரோசினும் (பைன் மரப் பிசின்) சேர்த்துச் செய்த பழைய காகிதங்கள் பழுத்து நொறுங்குவதற்கு உள்ளிருக்கும் அமிலம் முக்கியக் காரணம். கால்சியம் கார்பனேட் அமிலத்தை முறிக்கும். நீடித்த காகிதத்துக்கான ஐஎஸ்ஓ 9706 தரம், குறைந்தது 2 சதவீதக் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரம் கேட்கிறது. கூடவே, கிழிவு வலிமை எவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது என்றும் சொல்கிறது. ஆவணத் தாள் வாங்கும்போது ஐஎஸ்ஓ 9706 என்ற இந்தத் தர எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.