கோப்பு: இணைப்பதா, கோப்பதா?

எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி விக்கி ஒன்றில், அதாவது பலரும் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையதளத்தில், பக்கம் எழுதிக்கொண்டிருந்தோம். கல்குளம் வட்டத்துச் சிற்றூர். எழுதுகிறவர்கள் மொத்தம் நான்கு பேர். குளத்தின் பழைய பெயரைச் சொல்லும் வரிக்குப் பக்கத்தில் 'ஆதாரம் தேவை' என்று குறித்து வைத்திருந்தேன். அதைக் கைபேசியில் படித்த பெரியவர் ஒருவர் மறுநாள் காலையிலேயே தகரப் பெட்டியும் கையுமாக வந்துவிட்டார். "மக்களே, ஆதாரம் என்னிடம் இருக்கிறது" என்றார்.

பெட்டிக்குள் இருந்தது ஆதாரமேதான். குமரி மாவட்டத்தில் பழைய தலைமுறைக்கு ஆதாரம் என்றால் நிலப் பத்திரம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேரும்வரை இது திருவிதாங்கூர் வழக்கில் ஊறிய மண். அந்தப் பத்திரமும் மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டு 1103 என்ற தேதியோடு இருந்தது. நான்கெல்லை சொல்லும் இடத்தில் வடக்கே எங்கள் குளம், பழைய பெயரோடு! நான் கேட்ட பொருளிலும் அது ஆதாரமாகிவிட்டது. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்ததால் நன்மை விளைந்த அரிய சந்தர்ப்பம்.

பெரியவர் அடுத்துக் கேட்ட கேள்விதான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்து வந்தது: "இதை அந்தப் பக்கத்தில் எப்படி இணைப்பாய்?"

இணைப்பது என்ற சொல்லை விக்கியில் எத்தனை வேலைக்குப் பயன்படுத்துகிறோம் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவ வைக்கும் சுட்டி, இணைப்பு. மின்னஞ்சலோடு அனுப்பும் படம், இணைப்பு. இரண்டு கட்டுரைகளை ஒன்றாக்கினால் அதுவும் இணைப்பு. இதெல்லாம் போதாதென்று விண்ணப்பத்தின் அடியில் 'இணைப்பு: சாதிச் சான்றிதழ் நகல்' என்று எழுதும் வழக்கம் வேறு. 'இணைப்பு வேலை செய்யவில்லை' என்று ஒருவர் சொன்னால் சுட்டி முறிந்ததா, கோப்பு திறக்கவில்லையா, வீட்டில் இணையமே இல்லையா என்று திரும்பக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கோப்பைச் சேர்ப்பதைச் சொல்லும் இணைப்பு, 'அட்டாச்மென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக வந்தது. அந்தச் சொல்லின் பூர்வீகம் பழைய பிரெஞ்சு; அதற்கும் அடியில் இருப்பது கம்பம், முளைக்குச்சி என்ற பொருள் தரும் ஜெர்மானியச் சொல். முளையடித்துக் கட்டிவைப்பதுதான் முதற்பொருள். ஆங்கிலத்தில் அது முதலில் சட்டச் சொல்லாக, சொத்தையோ ஆளையோ பற்றிக்கொள்வது என்ற பொருளில் புழங்கியது. நீதிமன்றங்களில் இன்றும் அந்தப் பொருள் உண்டு. அங்கே தமிழில் அதற்குப் பெயர் ஜப்தி. பெரியவரிடம் "உங்கள் ஆதாரத்தை அட்டாச் செய்யப்போகிறோம்" என்று சொல்லியிருந்தால் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போயிருப்பார்.

முளையில் கட்டியது முளையோடுதான் நிற்கும். சில விக்கி மென்பொருள்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன. டிவிக்கி, கான்ஃபுளுவன்ஸ் போன்றவற்றில் கோப்பை ஒரு பக்கத்தோடு சேர்த்தால் அது அந்தப் பக்கத்தின் உடைமை. அங்கே இணைப்பு என்று சொல்வதில் பிழையில்லை. ஆனால் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியில் நடப்பது வேறு. கோப்பு எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லை. முதலில் அது பொதுக் களஞ்சியத்துக்குள் ஏறுகிறது; அங்கே அதற்கென்று தனிப் பக்கம், தனி வரலாறு. பிறகு எந்தக் கட்டுரையும் அதன் பெயரைச் சொல்லி எடுத்தாளலாம். கட்டுரையை நீக்கினாலும் கோப்பு இருந்த இடத்தில் இருக்கும். 2004-இல் தொடங்கிய விக்கிமீடியா பொதுவகம் இதே ஏற்பாட்டின் பெரிய வடிவம்: அங்கே ஒருமுறை ஏற்றியதை எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வேலைக்குப் பொருந்தும் சொல்லைத் தேடி வெளியே போக வேண்டாம். கோப்பு என்ற பெயருக்குள்ளேயே அது இருக்கிறது. கோ என்பது வினையடி. கோக்கிறாள், கோத்தாள், கோப்பாள். ஊசியில் நூல் கோப்பது, மணி கோப்பது, கை கோப்பது. ('கோர்த்தாள்' என்று அச்சிலேயே வருகிறது. அந்த ரகரம் இடையில் புகுந்தது; வேரில் அதற்கு வேலையில்லை.) மணிக்கோவையும் கோவையும் இதே வேரில் முளைத்தவை. கோப்பு என்றால் கோக்கப்பட்டது. ஆங்கில 'ஃபைல்' லத்தீனில் நூலைக் குறிக்கும் 'ஃபீலும்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அங்கே தாள்களை நூலிலோ கம்பியிலோ குத்திக் கோத்துத் தொங்கவிட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதாமலே இரண்டு மொழிகளும் ஒரே நூலைப் பிடித்திருக்கின்றன. எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் கோப்பு என்றால் தளவாடம். படைக்கருவிகளைப் படக்கோப்பு என்பார்கள். எரிச்சலில் உதிர்க்கும் வசவாகவும் அது அங்கே ஆகிவிட்டது. எனவே எல்லையோரக் களியக்காவிளைப் பக்கத்து நண்பர்களிடம் 'இது என்ன கோப்பு?' என்று கேட்கும்போது முகத்தில் கொஞ்சம் சிரிப்பையும் வைத்துக்கொள்வது நல்லது.

கோத்தல் என்பது கண்ணால் பார்க்க வேண்டிய தொழில். பழைய சுவடி ஒன்றைக் கையில் எடுத்தால் ஒவ்வோர் ஏட்டிலும் இரண்டு துளைகள் தெரியும். அவற்றுக்குக் கண் என்று பெயர். ஒரு கண்ணில் குச்சியோ கம்பியோ செருகியிருக்கும், அது நாராசம். ஏடுகள் வரிசை குலையாமல் நிற்க அதுதான் காவல். மற்றக் கண்ணில் கயிறு. கயிற்றின் முடிச்சு ஏட்டில் அழுந்திக் கிழித்துவிடாதபடி முனையில் ஓலைத்துண்டு ஒன்றை நறுக்கிக் கோத்திருப்பார்கள். அதன் பெயர் கிளிமூக்கு. கயிற்றைத் தளர்த்தினால் வேண்டிய ஏட்டைப் புரட்டிப் படிக்கலாம், உருவியெடுத்து நகல் எழுதிக்கொண்டு திரும்பக் கோக்கலாம். பனை நிறைந்த இந்த மாவட்டத்துக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தி இல்லை. அழகியபாண்டிபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் கிடைத்த ஓலைகளைக் கொண்டுதான் நாஞ்சில் நாட்டின் நிலம், வரி, வழக்கு பற்றிப் பலவற்றைத் தெரிந்துகொண்டோம். அவற்றைத் தேடி எடுத்தவர்களில் தேரூர்க்காரரான கவிமணியும் ஒருவர்.

தோவாளைப் பூச்சந்தையில் இதே வேறுபாட்டைப் பூவில் காணலாம். ஊசியால் துளைத்து நூலில் ஏற்றினால் கோத்த பூ. காம்பைச் சுற்றி நாரை முடிந்தால் கட்டிய பூ. கட்டியதிலிருந்து ஒரு பூவை மட்டும் எடுக்கப் பார்த்தால் காம்பு முறியும். கோத்ததிலிருந்து நழுவி வரும். மீடியாவிக்கியில் நாம் செய்வது கட்டுவது அல்ல, கோப்பது.

மென்பொருளின் தமிழ் முகமும் இந்த இடத்தில் தடுமாறுகிறது. பக்கவாட்டுப் பட்டையில் 'கோப்பைப் பதிவேற்று' என்று அழைக்கிறது. ஏற்றி முடித்ததும் அதே கோப்பின் பெயருக்கு முன்னால் 'படிமம்:' என்று முத்திரை விழுகிறது. விக்கிகளில் முதலில் வந்தவை பெரும்பாலும் நிழற்படங்கள் என்பதால் அந்தப் பெயர் அமைந்திருக்கலாம். ஆனால் நாற்பது பக்கப் பிடிஎஃப் ஆவணம் எப்படிப் படிமம் ஆகும்? எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது, பெரியபுராணத்துப் படியோலை, அதாவது நகல் ஓலை, நினைவுக்கு வரும்வரை. சுந்தரர் கிழித்துப்போட்டது படியோலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று வழக்குரைக்கிறாரே கிழவர் வடிவில் வந்த சிவன், அந்தப் படி. நாம் ஏற்றும் ஒளிவருடிய பத்திரமும் ஒரு படியோலை. அந்த வழியில் படிமத்தை மன்னித்துவிடலாம்.

முன்னொட்டு மாறினால் நடத்தையும் மாறும். இரட்டைச் சதுர அடைப்புக்குள் 'படிமம்:' என்று தொடங்கிக் கோப்பின் பெயரை எழுதினால் ஆவணத்தின் முதல் பக்கம் கட்டுரைக்குள்ளேயே படமாகத் தெரியும், இதுதான் கோத்தல். 'படிமம்' என்பதற்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்துவிட்டால் படம் வராது, கோப்பின் விவரப் பக்கத்துக்குச் சுட்டி மட்டும் கிடைக்கும். இணைப்பு என்ற சொல்லுக்குரிய இடம் இது. 'ஊடகம்:' என்று எழுதினால் விவரப் பக்கத்தைத் தாண்டி நேரே கோப்பே திறக்கும். களஞ்சியத்துக்குள் கொண்டுபோவதற்குப் பதிவேற்றம் என்ற சொல் நிலைத்துவிட்டது. இலங்கையில் தரவேற்றம் என்பார்கள். ஆக ஏற்றுதல், கோத்தல், இணைத்தல் என மூன்று வேலை, மூன்று வினை. 'கோப்பைப் பக்கத்தில் இணைத்துவிட்டேன்' என்பதைவிடக் 'கோத்துவிட்டேன்' என்பது முதலில் விநோதமாகக் கேட்கும். பதிவேற்றமும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டது.

எதையும் ஏற்றிவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீடியாவிக்கியின் இயல்பான அமைப்பில் பதிவேற்றம் அணைந்திருக்கும்; அதைத் திறந்துவிட்டாலும் படக்கோப்புகளை மட்டுமே ஏற்கும். பிடிஎஃப் வேண்டுமென்றால் நிர்வாகி அமைப்பில் சேர்க்க வேண்டும். பொதுவகத்தில் பிடிஎஃப் செல்லும், வேர்டு கோப்பு செல்லாது. நூலாக இருந்தால் இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு.

பெயரிடுவதில்தான் நான் சறுக்கினேன். கோப்புக்கு 'குளத்துப் பத்திரம் 1103' என்று பெயர் வைத்து ஏற்றினேன். சென்னையிலிருந்து ஒரு நண்பர், முதலாம் குலோத்துங்கன் காலத்துப் பத்திரம் காகிதத்திலா என்று வியந்து எழுதினார். கொல்லம் 1103 என்பது 1927-28. பெயரை மாற்றினேன். பழைய பெயரிலிருந்து புதிய பெயருக்கு அனுப்பும் வழிமாற்று ஒன்றை மென்பொருள் தானே வைத்துவிட்டதால், முன்பே கோத்திருந்த பக்கங்களில் ஒன்றும் அறுந்துபோகவில்லை. பத்திரத்தில் இருந்த குடும்பப் பெயர்களைப் படியில் மட்டும் மறைத்துவிட்டோம்.

அன்று மாலை பெரியவருக்குத் திரையில் அவருடைய ஆதாரத்தைக் காட்டினேன். வடக்கெல்லை வரியை விரலால் தொட்டுப் படித்தார், மலையாளத்தில், சத்தமாக. பிறகு தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "படி உன்னிடம், மூலம் என்னிடம்" என்றார்.