அனுப்புகிறது, ஆனால் கேட்கவில்லை

"என் பழைய ஹாம் டிரான்ஸீவரில் (அமெச்சூர் வானொலியில் பேசவும் கேட்கவும் பயன்படும் பெட்டி) யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது. நான் பேசுவது மட்டும் எல்லோருக்கும் நன்றாகப் போகிறதாம். என்ன கோளாறு?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாதி விடை கேள்வியிலேயே இருக்கிறது. அனுப்புவது நன்றாகப் போகிறது என்றால் ஆன்டெனாவையும் கேபிளையும் விட்டுவிடலாம். ரிசீவரின் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் ஆர்எஃப் கெயின் குமிழ் முழுதும் திறந்திருக்கிறதா, வரும் சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் பொத்தான் அழுந்திக் கிடக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பாருங்கள்.

அடுத்து, டயல் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க உதவும் காலிபிரேட்டர். எஃப்டி-101, டிஎஸ்-520 போன்ற 1970களின் பெட்டிகளில் இந்த வசதி உண்டு. உள்ளே இருக்கும் ஒரு கிரிஸ்டல், டயலில் 25 கிலோஹெர்ட்ஸுக்கு ஒருமுறை விசில் கொடுக்கும். ஆன்டெனாவை டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் மாற்றி மாற்றி இணைக்கும் மின்சுவிட்ச்தான் ஆன்டெனா ரிலே. பெரும்பாலும் அந்த சிக்னல் இந்த ரிலே வழியாக வராமல், அதற்கு அப்பால்தான் ரிசீவருக்குள் நுழைகிறது. விசில் பலமாகக் கேட்டு, வெளியிலிருந்து வருவது மட்டும் மெலிந்திருந்தால் ரிலேயைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ரிலேயின் கை ஒன்றுதான். பேசும்போது டிரான்ஸ்மிட்டர் பக்கம் சாயும், கேட்கும்போது ரிசீவர் பக்கம். நூறு வாட் அனுப்பும்போது 50 ஓம் லைனில் சுமார் 70 வோல்ட், 1.4 ஆம்பியர். ரிசீவர் பக்கமோ, சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் எஸ் 9 காட்டும் பலமான சிக்னலே வெறும் 50 மைக்ரோவோல்ட்தான். வெள்ளிப் பாத்திரம் கறுப்பதுபோலவே, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் ரிலேயின் வெள்ளி காண்டாக்டிலும் (தொடும் முனை) மெல்லிய படலம் படியும். அதைத் துளைக்க ஒரு வோல்ட்டோ சில வோல்ட்டோ போதும். ஆனால் மைக்ரோவோல்ட் அதற்குப் பத்து லட்சம் மடங்கு சிறியது. அனுப்பும் பக்கம் வேலை செய்தே சுத்தமாக இருக்கிறது; கேட்கும் பக்கம் மின்னோட்டமே காணாமல் மூடிக்கொள்கிறது.

படலம் மூடிய காண்டாக்ட் ஒரு சின்ன கெப்பாசிட்டர்தான். அதன் அளவு 10 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 4500 ஓம் தடை, 28 மெகாஹெர்ட்ஸுக்கு 570 ஓம்தான். அதனால் கீழ் பேண்டுகள் (குறைந்த அலைவரிசைகள்) அதிகம் மெலிந்து, மேல் பேண்டுகள் ஓரளவு தப்பினால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

என் பெட்டியில் மோர்ஸ் கீயை ஒரு நொடி தட்டிவிட்டால் எஸ் 4-இல் கிடந்த முள் எஸ் 9-க்குத் தாவும். பத்து நிமிடத்தில் மறுபடி சரியும். எஸ் மீட்டரில் ஒரு படி என்பது வோல்ட்டேஜில் இரண்டு மடங்கு; ஐந்து படி என்றால் 32 மடங்கு! ரிலேயின் கை திரும்பி வந்து மோதும்போது மயிரிழை அளவு சறுக்குகிறது, படலம் ஓரிடத்தில் கீறி வெள்ளி வெள்ளியைத் தொடுகிறது. சூட்டில் உலோகம் சற்று விரிந்தாலே அந்தப் புள்ளி விலகிவிடலாம். பழைய செட்டை ஒரு தட்டு தட்டினால் பேசும் என்று பெரியவர்கள் சொல்வதில் மந்திரம் எதுவும் இல்லை, இந்தச் சறுக்கல்தான்.

தயவுசெய்து காயில்களுக்குள் இருக்கும் கோர் என்ற திருகு துண்டைத் திருகாதீர்கள். ரிசீவர் மெலிந்தால் உடனே அலைன்மென்ட்டை (அந்தக் கோர்களைத் திருகிச் சுருதி சேர்ப்பதை) தொடச் சொல்வது நம்மிடையே ஊறிப்போன மூடநம்பிக்கை என்பேன். நாற்பது வருடம் அசையாத கோர் தானாகத் திரும்பிவிடாது. ஆனால் திருகினால் உடையும்.

சுத்தம் செய்ய, பவர் கார்டைப் பிடுங்கிவிட்டுக் காத்திருங்கள். வால்வு வைத்த பெட்டிகளில் 600 வோல்ட்டும் அதற்கு மேலும் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும்; மீட்டரால் அளந்து பார்க்காமல் கை வைக்கக் கூடாது. அப்புறம் தடித்த வெள்ளைத் தாளில் மெல்லிய கீற்று வெட்டி, காண்டாக்ட் கிளீனரில் நனைத்து, காண்டாக்டுகளுக்கு நடுவே வைத்து, ரிலேயின் கையை லேசாக அழுத்தியபடி தாளை இழுங்கள். தாளில் கருங்கோடு விழும். கோடு விழுவது நிற்கும்வரை புதுப்புதுக் கீற்றால் இழுங்கள். உப்புத்தாள் வேண்டாம், வெள்ளிப் பூச்சே போய்விடும். மூடி போட்ட ரிலே என்றால் மாற்றிவிடுவதே மேல்.

இதற்குப் பிறகும் முள் எழாமல், ஒரே ஒரு பேண்ட் மட்டும் செத்திருந்தால் பேண்ட் ஸ்விட்சைப் பாருங்கள். காலிபிரேட்டர் விசிலும் சேர்ந்து எல்லா பேண்டிலும் மெலிந்திருந்தால், எப்போதோ பக்கத்தில் விழுந்த மின்னல் முதல் ஆர்எஃப் டிரான்சிஸ்டரைப் பாதி கொன்றிருக்கலாம்.