ரயில் தாமதமானால் பயணிக்கு என்ன கிடைக்கும்? மூன்று மணி நேர விதியும் அதற்குள் அடங்காத பயணிகளும்

ரயில் தாமதமாகும்போதோ பாதி வழியில் நிறுத்தப்படும்போதோ நடைமேடையில் எழும் முதல் கேள்வி, கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா என்பதுதான். கிடைக்கும் என்று ஒருவரும், அரசாங்கத்திடம் போன பணம் எங்கே திரும்பும் என்று இன்னொருவரும் சொல்வார்கள். இரண்டுமே பாதி உண்மை. 2015ஆம் ஆண்டு நவம்பர் 12 முதல் நடைமுறையில் உள்ள, டிக்கெட் ரத்து மற்றும் கட்டணத்தைத் திருப்பித் தருதல் தொடர்பான ரயில்வே விதிகள், தாமதம், ரத்து, வழித்தடம் துண்டிக்கப்படுதல் ஆகியவற்றுக்குத் தனித்தனியான ஏற்பாடுகளைச் செய்திருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் முன்பதிவு செய்து தொலைதூரம் செல்லும் பயணியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தினமும் அறுபது, எழுபது கிலோமீட்டர் போய் வரும் பயணிக்கு அவற்றில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளக்கம் முழுமையாகும்.

முதலில் தாமதம். பயணி ஏறவேண்டிய நிலையத்திலிருந்து ரயில் புறப்படும் நேரம், அட்டவணை நேரத்தைவிட மூன்று மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால், பயணம் செய்ய விரும்பாதவர் முழுக் கட்டணத்தையும் எந்தப் பிடித்தமும் இன்றித் திரும்பப் பெறலாம். உறுதி செய்யப்பட்ட டிக்கெட், ஆர்.ஏ.சி. (படுக்கை உறுதியாகாமல் அமர இடம் மட்டும் உள்ள டிக்கெட்), காத்திருப்போர் பட்டியல் மூன்றுக்கும் இது பொருந்தும். இதில் இரண்டு நிபந்தனைகள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. கணக்கில் வருவது ஏறும் நிலையத்தில் ஏற்படும் தாமதம் மட்டுமே. சரியான நேரத்துக்குப் புறப்பட்ட ரயில் இறங்கும் ஊருக்கு ஐந்து மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தாலும் இந்த விதியின்கீழ் ஒரு ரூபாயும் கிடைக்காது. அடுத்ததாக, ரயில் உண்மையில் புறப்படுவதற்கு முன்பே பயணி செயல்பட்டாக வேண்டும். கவுண்டரில் வாங்கிய டிக்கெட்டை அதற்குள் கவுண்டரில் ஒப்படைக்க வேண்டும்; இணையத்தில் எடுத்தவர் அதற்குள் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் டி.டி.ஆர். எனப்படும் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். இனி இந்த ரயில் வேண்டாம் என்று பேருந்தில் ஏறிவிட்டு, மறுநாள் நிதானமாக விண்ணப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள்தான் பெரும்பாலும் பணத்தை இழக்கிறார்கள்.

டி.டி.ஆர். என்பது டிக்கெட்டை வைப்பாக ஒப்படைத்துவிட்டு, கட்டணத்தைத் திருப்பித் தரும்படி கோருவது. தளத்தில் தமது கணக்கில் நுழைந்து, உரிய பி.என்.ஆர். எண்ணைத் தேர்ந்தெடுத்து, 'ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், பயணம் செய்யவில்லை' என்ற பொருளுள்ள காரணத்தைக் குறித்தால் போதும். கோரிக்கையை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்வது ஐ.ஆர்.சி.டி.சி. அல்ல; அது விண்ணப்பத்தை உரிய ரயில்வேக்கு அனுப்பிவைக்கும் இடைநிலை அமைப்பு மட்டுமே. ஆகவே காரணத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால், உண்மையிலேயே உரிமை உள்ளவரின் கோரிக்கைகூட நிராகரிக்கப்படக்கூடும்.

ரயில் புறப்படும் இடத்திலிருந்தே முழுவதுமாக ரத்து செய்யப்பட்டால் நடைமுறை எளிது. இணைய டிக்கெட்டுக்கான கட்டணம் தானாகவே வங்கிக் கணக்குக்குத் திரும்பிவிடும், டி.டி.ஆர். தேவையில்லை. கவுண்டர் டிக்கெட் வைத்திருப்பவர், புறப்படவேண்டிய நாளைச் சேர்க்காமல் மூன்று நாட்களுக்குள் அதை ஒப்படைத்து முழுத் தொகையையும் பெறலாம்.

சிக்கல் மிகுந்தது, பயணம் நடுவழியில் துண்டிக்கப்படும் நிலைதான். 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையின்போது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட முடியாமல் நின்றதையும், தண்டவாளத்தின் அடியிலிருந்த மண் அரித்துச் செல்லப்பட்டதால் சுமார் எண்ணூறு பயணிகள் நிலையத்திலும் அருகிலிருந்த பள்ளியிலும் தவித்ததையும் பலர் மறந்திருக்கமாட்டார்கள். இத்தகைய வேளையில், ரயில்வே வேறு ரயிலிலோ பேருந்திலோ பயணியைச் சேருமிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இயலாவிட்டால், ஏற்கெனவே பயணம் செய்த தூரத்துக்கும் சேர்த்து முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும் என்பது விதி. மாற்று ஏற்பாடு செய்யப்பட்டும் பயணி அதை ஏற்காமல் தாமாக வேறு வழியில் சென்றால், பயணம் செய்த பகுதிக்கான கட்டணம் போக மீதி மட்டுமே திரும்பும். எனவே மாற்றுப் பேருந்து வருகிறதா, வராதா என்பதை நிலைய அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் புறப்பட்டுவிடுவது பண நோக்கில் நல்லதல்ல. ரயில் சேருமிடத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டால், அட்டவணைப்படி அது அங்கே சேரவேண்டிய நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் இணைய டிக்கெட்டுக்கு டி.டி.ஆர். பதிவு செய்யலாம். மாற்றுப் பாதையில் திருப்பிவிடப்பட்டதால் பயணம் செய்யாதவருக்கும் 72 மணி நேர அவகாசம் உண்டு. அது ஏறும் நிலையத்தின் புறப்பாட்டு நேரத்திலிருந்து கணக்கிடப்படும்.

இணைப்பு ரயிலைத் தவறவிடுவது பற்றியும் சொல்லவேண்டும். இரண்டு பி.என்.ஆர். எண்களை ஒரே பயணமாக இணைத்துக்கொள்ளும் வசதி 2019 ஏப்ரல் முதல் இருக்கிறது. அப்படி இணைத்திருந்தால், முதல் ரயிலின் தாமதத்தால் இரண்டாவது ரயில் போய்விட்ட நிலையில், செய்யாத பயணத்துக்கான கட்டணத்தை முதல் ரயில் உண்மையில் வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் கோரலாம். இணைக்காமல் தனித்தனியாக எடுத்த இரண்டு டிக்கெட்டுகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. முன்பதிவின்போது ஒரு நிமிடம் செலவழித்தால் கிடைக்கும் இந்த உரிமை பலருக்கும் தெரியாமல் இருப்பது வருத்தத்துக்குரியது.

இனி, விதியின் பார்வையில் அதிகம் படாத பயணி. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்குப் பயணிகள் ரயிலில் போக ஆகும் நேரமே சுமார் இரண்டு மணிதான். முழுப் பயணமும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் தடத்தில், மூன்று மணி நேரத் தாமதத்தை எல்லையாக வைப்பதால் அந்தப் பயணிக்கு எந்தப் பயனும் இல்லை. அவருக்கு நாற்பது நிமிடத் தாமதமே அலுவலகத்தில் அரைநாள் விடுப்பாகவோ, கல்லூரியில் தவறிய தேர்வாகவோ முடிகிறது. திருநெல்வேலி–செங்கோட்டை, விழுப்புரம்–மயிலாடுதுறை–தஞ்சாவூர் போன்ற ஒற்றைப் பாதைகளில் கிராசிங்குக்காக எதிர் ரயிலின் வரவை நோக்கி நிற்பது பெரும்பாலும் உள்ளூர் ரயில்தான். பராமரிப்புப் பணிக்காக லைன் பிளாக் எடுக்கப்படும்போது, அதாவது தடத்தில் சில மணி நேரம் ரயில் ஓட்டம் நிறுத்தப்படும்போது, 'பகுதியாக ரத்து' என்ற அறிவிப்பில் முதலில் இடம்பெறுவதும் அதே ரயில்தான் என்பது பயணிகளின் நெடுநாள் குறை. பணி தேவை என்பதை யாரும் மறுக்கவில்லை. ரத்து செய்யப்படும் தூரத்துக்குப் பேருந்து ஏற்பாடு செய்யுங்கள், அறிவிப்பை முந்தின நாள் இரவில் வெளியிடாதீர்கள் என்பதே அவர்கள் கேட்பது. இது நியாயமான கோரிக்கை என்றே நான் கருதுகிறேன்.

முன்பதிவற்ற டிக்கெட்டின் நிலையைத் தெளிவாகச் சொல்வதானால், மூன்று மணி நேரத் தாமத விதி அதைக் குறிப்பிடவே இல்லை. வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள் கவுண்டரில் திருப்பிக் கொடுக்கலாம் என்றாலும், ஒரு பயணிக்கு ரூ.30 பிடித்துக்கொள்ளப்படும். சாதாரணப் பயணிகள் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணமே ரூ.10 என்பதால், குறுகிய தூரப் பயணிக்குத் திரும்பக் கிடைப்பதற்கு எதுவும் மிஞ்சாது. கொரோனா காலத்துக்குப் பிறகு அதே ரயில்கள் எக்ஸ்பிரஸ் சிறப்பு ரயில் என்ற பெயரில் ரூ.30 குறைந்தபட்சக் கட்டணத்தோடு ஓடின. பயணிகள் தொடர்ந்து குரல் கொடுத்துவந்த நிலையில், 2024 பிப்ரவரி இறுதியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. சிறிய ஆறுதல் ஒன்று உண்டு. 199 கிலோமீட்டர் வரையிலான முன்பதிவற்ற டிக்கெட், வாங்கியதிலிருந்து மூன்று மணி நேரம் வரை, அல்லது சேருமிடத்துக்கான முதல் ரயில் புறப்படும் வரை, இவற்றில் எது பிந்தையதோ அதுவரை செல்லும். ஆகவே முதல் ரயிலே நான்கு மணி நேரம் தாமதமானாலும் டிக்கெட் காலாவதியாகிவிட்டது என்று பரிசோதகர் அபராதம் விதிக்க இடமில்லை.

கட்டணம் திரும்புவது வேறு, தாமதத்தால் நேர்ந்த நட்டத்துக்கு இழப்பீடு பெறுவது வேறு. மேலே சொன்ன விதிகள் இழப்பீடு பற்றிப் பேசுவதில்லை. ஆனால் 2021 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 2016 ஜூன் மாதத்தில் காலை 8.10 மணிக்கு ஜம்மு சேரவேண்டிய ரயில் நண்பகலில் போய்ச் சேர்ந்ததால், ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட ஒரு பயணிக்கு டாக்சிச் செலவு ரூ.15,000, முன்பதிவுச் செலவு ரூ.10,000, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தலா ரூ.5,000 என நுகர்வோர் மன்றம் வழங்கியிருந்தது. ரயில் குறித்த நேரத்தில் ஓடும் என்று உறுதியளிக்கவில்லை என்ற ரயில்வேயின் வாதத்தை நீதிபதிகள் எம்.ஆர்.ஷா, அனிருத்தா போஸ் ஆகியோர் ஏற்கவில்லை. தாமதம் தன் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் நேர்ந்தது என்பதை ரயில்வேதான் விளக்கி நிரூபிக்கவேண்டும் என்றும், பயணியின் நேரம் விலைமதிப்புள்ளது என்றும் அவர்கள் கூறினர். வெள்ளத்தால் நின்ற ரயிலுக்கு இது பொருந்தாமல் போகலாம். காரணமே சொல்லப்படாத தாமதத்துக்குப் பொருந்தும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பயணி தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் புகாருக்குக் கட்டணமில்லை. பிரச்சினை டிக்கெட் கட்டணத்தைத் திரும்பப் பெறுவது மட்டும்தான் என்றால், அதற்குரிய இடம் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயம். அதன் அமர்வு ஒன்று சென்னையில் இருக்கிறது. எங்கே போவதானாலும் டிக்கெட், ரயிலின் ஓட்ட நிலையைக் காட்டும் பக்கத்தின் அன்றைய படம், 139 என்ற எண்ணிலோ ரயில் மதத் செயலியிலோ அன்றே பதிவு செய்த புகாரின் எண், மாற்றுப் பயணத்துக்கான ரசீது ஆகிய நான்கும் கையில் இருப்பது நல்லது.

சீசன் டிக்கெட்டில் போய்வரும் ஒருவர் பத்து ரூபாய்க்காக ஆணையத்தின் படியேறமாட்டார். அவருடைய குறைக்கு உரிய இடம் கோட்ட அளவிலான ரயில் பயணிகள் ஆலோசனைக் குழு. பயணிகள் சங்கங்களும் வணிகர் அமைப்புகளும் இடம்பெறும் அந்தக் குழுவின் கூட்டத்துக்கு முன்பே, எந்த ரயில் எந்தெந்த நாளில் எந்த நிலையத்தில் எத்தனை நிமிடம் நிறுத்திவைக்கப்பட்டது என்ற ஒரு மாதக் குறிப்பைத் தம் பகுதி உறுப்பினரிடம் எழுத்தில் கொடுத்தால், அதைக் கூட்டத்தில் எழுப்பி அதிகாரிகளின் பதிலைக் கேட்க அவருக்கு வாய்ப்பு இருக்கிறது.